துடைத்தும் போகாத புள்ளி

தம்பி தான் கட்டிக்கொள்ளப் போகும் பெண்ணை முதன்முதலில் வீட்டுக்கு அழைத்து வந்தபோது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலரைப் பார்த்தாள். "டீயா, காப்பியா?" என்று கேட்டாள். நம் வீட்டுக்கு வந்து நம்மையே உபசரிக்கிறாளே, பரவாயில்லை என்று நினைத்து, "டீதான். நீ உட்காரு, நான் போடறேன்" என்றேன். "இல்ல, காலர்ல பட்டிருக்கே, அது டீயா காப்பியான்னு கேட்டேன்" என்றாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆனால் அவள் விடாமல் அதை ஒற்றி எடுத்துவிட்டுக் கிளம்பிப் போன பிறகு கண்ணாடியில் பார்த்தால் கறை இருந்த சுவடே இல்லை.

அவள் ஒரு டிரை கிளீனிங் கடையில் கறை எடுப்பவள். கடையில் அவளுக்கு வைத்த பெயர் பளிச்சு. தம்பி அதையே வீட்டுக்கும் கொண்டு வந்துவிட்டான், எல்லோர் வாயிலும் ஒட்டிக்கொண்டது. நான் சொல்லப் போவது என்னவோ வானத்தில் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு கல்லைப் பற்றித்தான். அதற்குப் பெயர் வைத்தது எங்கள் வீட்டில். ஆனால் பளிச்சுவின் மேசையைச் சொல்லாமல் அந்தக் கல்லிடம் போய்ச் சேர முடியாது.

கடையின் பின்னறையில், ஜன்னலை ஒட்டி, இடுப்பளவு உயரத்தில் ஒரு வெள்ளை மேசை. மேலே ஆவி அடிக்கும் குழாய் ஒன்று தொங்கும். பக்கத்தில் சின்னச் சின்னப் புட்டிகள், மென்மையான தூரிகைகள். துணி வந்ததும் அவள் உடனே கை வைக்க மாட்டாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள், முகர்ந்து பார்ப்பாள், உள்தையலில் ஒரு சொட்டு மருந்து விட்டுச் சாயம் போகிறதா என்று சோதிப்பாள். தேய்க்கவே மாட்டாள். "தேய்ச்சா கறை பயந்துபோய் உள்ள ஓடிடும், டீச்சர்" என்பாள். கார் ஓட்டச் சொல்லிக் கொடுத்த நாளிலிருந்து நான் அவளுக்கு டீச்சர். டிரைவிங் ஸ்கூலில் அதுதானே என் பிழைப்பு. அடியில் ஒரு வெள்ளைத் துணியை வைத்து மேலிருந்து ஒற்றி ஒற்றிக் கறையை அந்தத் துணிக்கு இறக்குவாள். கறை எங்கேயும் மறைந்து போவதில்லையாம், வேறு துணிக்குக் குடி போகிறதாம். அப்படிக் குடி போன துணிகள் அன்றன்றைக்கே குப்பைக்குப் போய்விடும்.

கடையில் இதோடு நின்றால் தேவலை. கல்யாணமாகி வந்த பிறகு வீட்டிலும் அவள் கண்ணும் கையும் சும்மா இருக்காது. சுவிட்சைச் சுற்றிய விரல் தடம், கதவுப் பிடி, என் மூக்குக் கண்ணாடி என்று எதையும் விட்டுவைக்க மாட்டாள். பேசிக்கொண்டிருக்கும்போதே கையிலிருக்கும் துணியால் நம் தோளைத் தட்டிவிடுவாள். எனக்கு எரிச்சலாக இருக்கும். அண்ணிக்கு மட்டும் அது பிடித்திருந்தது.

அண்ணி என்றால் என் அண்ணன் மனைவி. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். கீழ் வீட்டில் அண்ணனும் தம்பியும் ஒரே சமையலறையில் சேர்ந்து குடித்தனம், மாடியில் நான். அண்ணிக்கு ஒரு விநோதமான பொழுதுபோக்கு உண்டு. எங்கேயோ இருக்கும் பெரிய தொலைநோக்கி வானத்தின் ஒரே மூலையைக் கொஞ்ச நேர இடைவெளியில் நான்கு முறை படம் பிடிக்கும். அந்தப் படங்களை ஆர்வமுள்ளவர்களுக்கு அனுப்பி வைப்பார்கள். கம்ப்யூட்டரில் நான்கையும் மாற்றி மாற்றிக் காட்டினால் நட்சத்திரமெல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். ஏதாவது ஒரு புள்ளி நகர்ந்தால் அது சிறுகோள். ஏற்கெனவே தெரிந்த கற்களுக்கு மென்பொருளே வட்டம் போட்டுவிடும். வட்டம் இல்லாத புள்ளி நகர்ந்தால்தான் விசேஷம்.

விடுமுறைக் காலையில் அண்ணி டீயும் கையுமாக அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். "வாரம் பூரா எக்ஸ்ரே பார்த்தது பத்தலையா?" என்று அண்ணன் கேலி செய்வான். "அங்க எதாவது கிடைச்சா கஷ்டம், இங்க எதாவது கிடைச்சா சந்தோஷம்" என்பாள் அண்ணி. பல காலம் ஒன்றும் கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

அந்தக் காலையில் நானும் அங்கே இருந்தேன். அண்ணி ஒரு தொகுதியைப் பார்த்து முடித்து, "இதுலயும் ஒண்ணுமில்ல" என்று கொட்டாவி விட்டாள். பளிச்சு துணியோடு வந்தாள். திரையில் தூசி இருந்தால் அவளுக்குத் தூக்கம் வராதே. துடைத்தாள். ஒரு மூலையில் நின்று மறுபடியும் துடைத்தாள்.

"அக்கா, இங்க ஒரு புள்ளி போக மாட்டேங்குது."

"அது படத்துல இருக்கறது. கேமராக் கோளாறுல வர்ற வெறும் பொட்டு. விடு."

பளிச்சு விட்டால்தானே? நகத்தால் லேசாகச் சுரண்டினாள். அதற்குள் திரையில் அடுத்த படம் மாறியது. "இப்ப இங்க வந்து உக்காந்துடுச்சு, பாருங்க. துடைக்கத் துடைக்க நகருது. ஏதோ பூச்சி போல" என்றாள்.

அண்ணி டீயைக் கீழே வைத்தாள். அதை எங்கே வைத்தாள் என்றால் என் மடியில். திரையோடு ஒட்டிப்போய், நான்கு படங்களையும் திரும்பத் திரும்ப ஓட்டினாள். இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்பட வைக்கும் ஒரு மங்கல் புள்ளி, நேர்கோட்டில், ஒவ்வொரு படத்துக்கும் ஒரே அளவு நகர்ந்துகொண்டிருந்தது. வட்டம் இல்லை. என் பாவாடையில் ஊறிய டீயைப் பளிச்சு ஒற்றிக்கொண்டிருந்தாள், அண்ணி அழுதுகொண்டிருந்தாள், எனக்கு இரண்டில் எதைக் கவனிப்பதென்று தெரியவில்லை.

அண்ணி தன் பெயரில் விவரம் அனுப்பினாள். பதிவு செய்திருந்தது அவள்தானே. பளிச்சுவின் பெயரைச் சேர்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, பளிச்சுவுக்கே தோன்றவில்லை. பதில் வந்தது: புதுசுதான், ஆனால் பொறுங்கள். ஒரு முறை பார்த்தால் கணக்கில் வராதாம். அந்தக் கல் சூரியனைச் சுற்றிவரச் சில வருடங்கள் ஆகும். அது மறுபடி மறுபடி கண்ணில் பட்டு, போகும் பாதை சந்தேகமில்லாமல் தெரிந்த பிறகுதான் அதற்கு நிரந்தர எண் கொடுப்பார்கள். எண் கிடைத்தால்தான் பெயர். அதுவரை எழுத்தும் இலக்கமும் கலந்த, கார் நம்பர் பிளேட் போன்ற ஒரு தற்காலிகக் குறி.

அந்த நாட்களில் அந்த இரண்டு பேரையும் பிரித்துப் பார்க்க முடியாது. பளிச்சு கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லாமல் வளர்ந்தவள். "அக்கா" என்று கூப்பிட முதன்முதலாக ஒருத்தி கிடைத்ததில் அந்தச் சொல்லை அவள் ஒரு நாளைக்கு எத்தனை தடவை செலவழித்தாள் என்று சொல்லி மாளாது. உப்பு எங்கே என்று கேட்கவும் முன்னால் ஒரு அக்கா, பின்னால் ஒரு அக்கா.

பிறகு அண்ணியின் அப்பா இறந்துபோனார். பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் வாழ்நாளைக் கழித்த மனிதர். பேனாவுக்கு மூடி போடும் பழக்கமே அவருக்குக் கிடையாது. எந்தச் சட்டையை எடுத்தாலும் பையின் அடியில் நீலமாக ஒரு கறை இருக்கும். அண்ணி அவருடைய சட்டை ஒன்றை மட்டும் எடுத்து வந்து, துவைக்காமல், அலமாரியின் அடித்தட்டில் வைத்திருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாக அவளுக்குப் பட்டிருக்காது.

குளிர்காலத் துணிகளைக் கடைக்கு எடுத்துப் போக பளிச்சு அந்த அலமாரியைத் திறந்தாள். சட்டையைப் பார்த்தாள், யாருடையது என்று தெரிந்தது, மனசு கேட்கவில்லை. அக்காவின் அப்பா சட்டை இப்படியா கிடக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. பழைய மசி, ஊறிப்போன மசி, லேசில் இறங்காது. தன் விடுமுறை நாள் முழுக்க அந்த மேசையில் நின்று இறக்கியிருக்கிறாள். துவைத்து, இஸ்திரி போட்டு, ஹேங்கரில் மாட்டி, காகித உறை போட்டு, கண்ணெல்லாம் சிரிப்பாகக் கொண்டு வந்து நீட்டினாள்.

அண்ணி உறையைப் பிரித்தாள். சட்டைப் பையைத் தடவினாள். முகர்ந்து பார்த்தாள்.

"யார் சட்டை இது?"

"உங்க அப்பாது, அக்கா. மசியெல்லாம் சுத்தமா எடுத்துட்டேன்."

"இல்ல" என்றாள் அண்ணி. "இது யாரோடதோ." சட்டையை நாற்காலியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கத்தியிருந்தால் ஒரு வாரத்தில் சரியாகியிருக்கும். எங்கள் குடும்பத்தில் கத்தல் கத்தலோடு போய்விடும். அண்ணி கத்தவில்லை, பளிச்சுவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். ஒரே சமையலறை, ஒரே அடுப்பு, நடுவில் தபால்காரி நான். "உன் தம்பி பொண்டாட்டிகிட்ட சொல்லு, பால் பொங்குதுன்னு." பால் என் கண் முன்னால் வழிந்துகொண்டிருக்கும். "நீயே சொல்லேன், அவ காது என்ன கழண்டா விழுந்துடுச்சு?" என்று நான் கத்துவேன். பளிச்சு மன்னிப்புக் கேட்காத வழியில்லை. அழுதாள், தம்பியைத் தூது விட்டாள், அண்ணனிடம் சொல்லிப் பார்த்தாள். அண்ணி தலையை மட்டும் ஆட்டுவாள். நாளடைவில் பளிச்சுவும் அந்தச் சொல்லை வாயிலிருந்து எடுத்துவிட்டாள். வீட்டில் அக்கா என்ற சத்தமே கேட்காமல் போனது எனக்கு என்னவோ போல இருந்தது. வேறு வீடு பார்க்கலாமா என்று தம்பி பேச்செடுக்க ஆரம்பித்தான்.

இந்த லட்சணத்தில்தான் அந்தச் செய்தி வந்தது. கல்லுக்கு எண் கிடைத்துவிட்டது, கண்டுபிடித்தவர் அதற்கு ஒரு பெயர் சொல்லலாம். சில விதிகள் உண்டு. பதினாறு எழுத்துக்குள் இருக்க வேண்டும், கூடுமானால் ஒரே சொல்லாக. வாயில் நுழைய வேண்டும். வியாபார விளம்பரம் கூடாது. அரசியல்வாதி, படைத்தளபதி என்றால் செத்து நூறு வருஷம் ஆகியிருக்க வேண்டும். வளர்ப்புப் பிராணி பெயரைத் தவிர்ப்பது நல்லது. கூடவே, ஏன் இந்தப் பெயர் என்று இரண்டு மூன்று வரி எழுதித் தர வேண்டும். ஒரு குழு அதைப் பார்த்து ஒப்புக்கொள்ளும்.

வீடு சந்தைக்கடை ஆனது. அண்ணன், "கட்டின புருஷன் பேரை வைக்கறதுல என்ன தப்பு?" என்று ஆரம்பித்தான். தம்பி தன் கால்பந்துக் குழுவின் பெயரைச் சொன்னான். நான் என்ன சும்மாவா இருந்தேன்? நான் ஓட்டக் கற்றுத் தந்துதான் ஊரில் பாதிப் பேர் உயிரோடு இருக்கிறார்கள், எனக்கொரு கல் தந்தால் குறைந்தா போகும் என்று கேட்டேன். அண்ணி சிரித்துவிட்டு, "அப்பா பேர்" என்றாள். எல்லோரும் அடங்கிவிட்டோம். பளிச்சு பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை.

ஆனால் அந்த இரண்டு வரி வரவில்லை. அண்ணி எழுதுவாள், அழிப்பாள். அப்பா நிலாவைக்கூட நிமிர்ந்து பார்த்தவர் அல்ல. "அவருக்கும் இந்தக் கல்லுக்கும் என்னடி சம்பந்தம்? எழுத வரலையே" என்று என்னிடம் அலுத்துக்கொண்டாள். "மகளைப் பெத்தார்னு எழுதேன்" என்றேன். முறைத்தாள்.

அப்போதுதான் ஒரு மதிய நேரம் என் கோட்டைக் கொடுக்கப் பளிச்சுவின் கடைக்குப் போனேன். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். பின்னறையில் பளிச்சு மேசை மேல் குனிந்திருந்தாள். அவள் முன்னால் வெள்ளைத் துணித் துண்டுகள் பரப்பிக் கிடந்தன, எல்லாவற்றிலும் நீலக் கறை. கையில் மூடியில்லாத மசிப் பேனா.

"என்னடி பண்றே?"

தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு. துண்டுகளை மறைக்கப் பார்த்தாள், கை போதவில்லை. "கறை போட்டுப் பாக்கறேன், டீச்சர்."

"கறை எடுக்கறவ நீ!"

"எடுக்கத்தான் தெரியும். போடத் தெரியலையே." உட்கார்ந்தாள். "அன்னைக்கு அடியில வச்ச துணியில முழு மசியும் இறங்கிச்சு. அது இருந்தாலாவது குடுத்திருக்கலாம். அன்னைக்கே குப்பையில போயிடுச்சு. தேடிப் போனேன், லாரி வந்து அள்ளிட்டுப் போயிட்டாங்க. சரி, அதே மாதிரி ஒண்ணு போட முடியுமான்னு பாக்கறேன். சொட்டு விட்டா வட்டமா வருது. அது வட்டம் இல்ல. பேனா பையில நின்னு நின்னு, கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சு வந்தது. ஓரம் கறுப்பா இருக்கும், நடுவுல வெளுத்திருக்கும், கீழ ஒரு வால் மாதிரி போகும்."

"உனக்கெப்படி இவ்வளவு ஞாபகம்?"

"எடுக்கறதுக்கு முன்னாடி நல்லாப் பாத்தாத்தானே எடுக்க முடியும்? எடுத்த கறை எல்லாமே எனக்கு ஞாபகம் இருக்கும், டீச்சர்." பிறகு, "யார்கிட்டயும் சொல்லாதீங்க, அவங்க தப்பா எடுத்துக்கப் போறாங்க" என்றாள்.

சொல்லவில்லை. கிளம்பும்போது ஒரு துண்டைக் கைப்பைக்குள் தள்ளிக்கொண்டு வந்து, அண்ணி தோசைக்கல்லோ வாணலியோ எதுவும் கையில் இல்லாத நேரமாகப் பார்த்து, அவள் முன்னால் விரித்தேன். யார் செய்தது, எதற்காகச் செய்கிறாள் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அது காட்டியது, சொன்னது ஆகாது என்பது என் கட்சி.

அண்ணி அந்தத் துண்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் கோபமாக எழுந்தாள். அப்போதுதான் வேலை முடிந்து உள்ளே வந்த பளிச்சுவின் முன்னால் போய் நின்று துண்டை நீட்டினாள்.

"வால் இந்தப் பக்கம் இல்ல. இடது பக்கம்."

அத்தனை காலத்துக்குப் பிறகு நேராகப் பேசிய முதல் பேச்சு அது. பளிச்சு என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"வலதுதான்" என்றாள் பளிச்சு. அவள் விடவில்லை. "நான் பக்கத்துல வச்சுப் பாத்தேன்."

"எங்கப்பா சட்டைடி அது! எனக்குத் தெரியாதா?"

"போட்டிருக்கறவருக்குத்தான் அது இடது. மேசையில விரிச்சா எப்படி இருக்கும்? வலது, அக்கா!"

அந்தச் சொல் வாய் தவறி வந்துவிட்டது. அண்ணி போய்ச் சட்டையை எடுத்து வந்து மேசையில் விரித்தாள், பையின் மேல் விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். கடைசியில், "வலதுதான் போல" என்றாள்.

"நல்லா வந்ததும் இதுல போட்டுத் தரட்டா?" என்று பளிச்சு கேட்டாள்.

"வேணாம். அப்பா போட்ட கறை போயிடுச்சு. நீ போட்டா அது நீ போட்டது." சொல்லிவிட்டு அந்தத் துணித்துண்டை நான்காக மடித்து, சட்டைப் பைக்குள் வைத்தாள். "இது இருக்கட்டும்" என்றாள். பளிச்சு அழ ஆரம்பித்தாள். அண்ணி அதட்டினாள்: "சட்டை மேல அழாதே, கறை படியும்." எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டும் வந்தது. வேறு வீடு பார்க்கும் பேச்சு அன்றோடு நின்றது.

கல்லுக்குப் பெயர் அனுப்பியாகிவிட்டது என்று அண்ணி சொன்னாள். அப்பா பெயர்தானே என்று நாங்கள் கேட்கவும் இல்லை. மாதங்கள் போயின. ஒரு விடுமுறைக் காலையில் அண்ணி எல்லோரையும் கூப்பிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் நிற்க வைத்தாள். குழு ஒப்புக்கொண்டு வெளியிட்ட பட்டியல் திரையில் இருந்தது. எங்கள் கல்லின் எண், அதற்குப் பக்கத்தில் பெயர். அண்ணன்தான் சத்தமாகப் படித்தான்.

"பளிச்சு."

யாரோ கூப்பிட்டது போல அவள் சமையலறையிலிருந்து, "என்ன?" என்றாள்.

அண்ணன் கீழே இருந்த வரிகளையும் படித்தான். "துணிகளில் கறை எடுக்கும் தொழில் செய்பவர். கண்டுபிடித்தவரின் ஓரகத்தி. இந்தச் சிறுகோளை முதலில் பார்த்தவர் இவரே. இதைத் துடைத்து எடுக்கவும் முயன்றார்."

பளிச்சு வாசலில் வந்து நின்றாள். விஷயம் புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் சண்டைக்கு வந்தாள். "எதுக்கு அக்கா என் பேரு? அப்பா பேர வைக்கறேன்னுதானே சொன்னீங்க? உலகத்துல இருக்கறவங்கெல்லாம் படிக்கறதுல போய் நான் துடைச்சதை எழுதி வச்சிருக்கீங்க!"

"அப்பாவுக்கு எழுத உக்காந்தேன், வரல" என்றாள் அண்ணி. "அவர் இதைத் தேடவும் இல்ல, பாக்கவும் இல்ல. தேடினது நான், பாத்தது நீ. நான் ஒண்ணுமில்லன்னு மூடி வைக்கப் போனேன், நீதான் விடல." திரையைக் காட்டி, "அப்பா கறையை எடுத்துட்டே. இதை எடுக்க முடிஞ்சுதா உன்னால?" என்று கேட்டாள்.

அண்ணி அந்தப் பழைய நான்கு படங்களைத் திறந்து ஓடவிட்டாள். பெயரில் இருக்கும் வெளிச்சம் அந்தக் கல்லுக்குக் கிடையாது. எங்கே என்று காட்டினால்கூட அண்ணனுக்கும் தம்பிக்கும் தெரியவில்லை, எனக்கும் சத்தியமாகத் தெரியவில்லை, தெரிந்தது போல் தலையாட்டினேன். பளிச்சு கிட்டே போனாள். கையிலிருந்த துணியால் அந்த மூலையைத் துடைத்தாள். குனிந்து பார்த்தாள். இன்னொரு முறை, அழுத்தாமல், ஒற்றினாள்.

"போகல, அக்கா" என்றாள்.